ரோதைச் சத்தம்

கொழும்புக் கோட்டையில் காலையில் ஏறினால் பதுளையில் இறங்க ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆகிறது. தூரம் என்னவோ 292 கிலோமீட்டர்தான். ஹட்டன் தாண்டிய பிறகு வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள் நிமிர்ந்து பார்த்து, கூடையைச் சரிசெய்து, மறுபடி குனிவதற்குள்ளும் நம் பெட்டி அவர்களைக் கடந்திருக்காது.

என் அம்மா இதே பாதையில் எதிர்த்திசையில் இறங்கியவர். 1974இல், ஒன்பது வயதில். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகத் தமிழரைப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் முதல் கணக்கில் விழுந்தது. தலைமன்னார் வரை ரயில், ராமேஸ்வரம் வரை கப்பல், மண்டபம் முகாம், பிறகு கூடலூரில் அரசு தேயிலைத் தோட்டம். அந்த ரயிலுக்கு மலையகத்தில் ஒரு பெயர் உண்டு: அழுகைக் கோச்சி. அம்மாவிடம், பதுளைக்குப் பக்கத்தில் அவர் விட்டுவந்த பசறையைப் பற்றிக் கேட்டால் காட்சியாக எதுவும் வராது. சத்தம்தான் வரும். விடியுமுன் தப்புப் பறை அடிக்கும் என்பார். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் மெசின் ராத்திரியெல்லாம் ஓடும், அது நின்றால்தான் தூக்கம் கலையும் என்பார். ரயிலடியில் எல்லாரும் அழுத சத்தத்தையும் சொல்வார்.

நான் போனது 2025 ஆகஸ்டில். காதில் ஒரே ஓர் ஆல்பத்தை வைத்துக்கொண்டு போனேன். பிளாக் சபத் இசைக்குழுவின் முதல் ஆல்பம். அதன் பெயரும் 'பிளாக் சபத்' தான். அந்தக் குழுவின் பாடகர் ஓசி ஆஸ்போர்ன் ஜூலை 22 அன்று இறந்துபோயிருந்தார். அதற்குப் பதினேழு நாள் முன்னால், ஜூலை 5 அன்று, குழுவின் நால்வரும் தாங்கள் வளர்ந்த பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதியின் கால்பந்து மைதானத்தில் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். நடக்க முடியாத ஓசி ஒரு சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். எனக்குப் பதினாறு வயதில், கூடலூரில், ஊட்டியிலிருந்து நண்பன் கொண்டுவந்த கேசட்டில் அந்தக் குரலை முதலில் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாடா இது, ஸ்டோர்ல மெசின் கெட்டுப்போன மாதிரி" என்றார். அன்றைக்கு அதை ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவர் மிகச் சரியாகச் சொல்லியிருந்தார் என்பது புரியப் பல வருடம் ஆனது.

பட்டிப்பொலதான் இந்தப் பாதையின் மிக உயரமான நிலையம். கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 1,890 மீட்டர். அதைத் தாண்டி ஒரு சுரங்கம். உள்ளே போகும்போது மத்திய மாகாணம், வெளியே வரும்போது ஊவா. நான் போன அன்று இந்தப் பக்கம் நானுஓயாவிலிருந்தே தூறல். சுரங்கத்தின் மறுபக்கம் வெயிலும் காற்றும். ஜன்னல் சட்டத்தைப் பிடித்திருந்த கை சில நிமிடத்தில் காய்ந்துவிட்டது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவா மலைகளில் அடிக்கும் இந்த வறண்ட காற்றைக் கச்சான் காற்று என்கிறார்கள். தேயிலைச் செடி இந்தக் காற்றில் வாடித் தவிக்கும். அந்தத் தவிப்பில்தான் கொழுந்துக்குள் ஒரு வாசனை ஊறுகிறது, தைல மரத்துக்குப் பக்கத்தில் நிற்பது போன்ற குளிர்ந்த வாசனை. 'ஊவா சீசன்' தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி விலை கிடைப்பது இந்த இரண்டு மூன்று மாதக் காற்றால்.

நான் போய் வந்த மூன்று மாதத்தில், நவம்பர் கடைசியில், டித்வா புயல் இந்த ரயில் பாதையைப் பல இடங்களில் அறுத்துவிட்டது. பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து பலர் இறந்தார்கள். ஜன்னலோரக் காட்சிகளை அழகாக எழுத அதனால் கை வரவில்லை. எல்ல, ஒன்பது வளைவுப் பாலம், ஒரு மலையைச் சுற்றி வந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழையும் தெமோதரைப் பாதை எல்லாவற்றையும் பார்த்தேன். பார்க்கத் தகுந்தவைதான். நான் தேடிப் போனது வேறு.

ஹப்புத்தளையில் இறங்கி, ஒரு நாள் தங்கி, பஸ் பிடித்துத் தம்பேதன்ன தொழிற்சாலைக்குப் போனேன். தாமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. வெள்ளைச் சாயம் அடித்த நீண்ட கட்டடம். காசு கட்டினால் உள்ளே கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். முதலில் கொழுந்தைத் தட்டில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவது. அரை நாளுக்கு மேல் ஆகும். பிறகு ரோலர். பெரிய பித்தளைத் தட்டின் மேல் கனமான உருளைப் பாத்திரம் வட்டமாக ஆடி ஆடிக் கொழுந்தைப் பிசைகிறது. இலையின் சாறு வெளியே வந்து காற்றோடு சேர்ந்து பச்சை செம்பாகும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் சல்லடை, அடுப்பு, தரம் பிரித்தல்.

ரோலர் அறையில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள். கீழே தரை முழுவதையும் நிரப்பும் ஓர் அடிச்சத்தம், இடைவிடாமல். அதன் மேலே ஒவ்வொரு ரோலரும் தன் சுற்றில் ஒரு முனகல். எல்லா ரோலரும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. அதனால் முனகல்கள் சில நொடி ஒன்றாகச் சேரும், பிறகு விலகும், மறுபடி சேரும். சேரும் கணத்தில் நெஞ்செலும்பு அதிர்கிறது. நான் காதில் ஏற்றிக்கொண்டு வந்த ஆல்பத்தில் கீசர் பட்லரின் பேஸ் கிட்டாரும் டோனி அயோமியின் கிட்டாரும் ஒரே சொற்கட்டைச் சேர்ந்து வாசிக்கும் இடங்களில் இதே அதிர்வுதான் வரும்.

இது என் கற்பனை ஒற்றுமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த இசை பிறந்த இடமே ஒரு தொழிற்சாலை ஊர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம், இரும்பைத் தட்டியும் வளைத்தும் பிழைத்த நகரம். ஓசி இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கார் ஹாரன் தொழிற்சாலையில் ஹாரன்களை ஒவ்வொன்றாக அடித்துச் சோதிக்கும் வேலையும் பார்த்தார். டோனி அயோமி தகடு வெட்டும் ஆலையில் இருந்தார். பதினேழு வயது. வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு போகலாம் என்று முடிவு செய்து, கடைசி நாள் வேலைக்குப் போனவரின் வலது கை எந்திரத்தில் சிக்கி, நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர். கிட்டார் தந்திகளை அழுத்த வேண்டியது அந்த வலது கை விரல்கள்தான்.

மருத்துவர்கள் கைவிட்டார்கள். ஆலையின் போர்மன் ஒருவர் அவரைப் பார்க்க வந்து ஓர் இசைத்தட்டைக் கொடுத்தார். ஜாங்கோ ரெயின்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார் கலைஞர் வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்தவர். அயோமி ஒரு பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். பின்னாளில் தந்திகளின் முறுக்கைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று சொல்லும் அந்தக் கனத்த ஒலியில் ஒரு பங்கு, எந்திரத்தில் விரலைக் கொடுத்த ஒரு தொழிலாளி அந்தக் கையை வைத்துக்கொண்டே வாசிக்கக் கண்டுபிடித்த வழி.

ஆல்பம் உருவான கதையும் கூலி வேலை போலத்தான் இருக்கிறது. 1969 அக்டோபர் 16. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்கள் நாலு பேர் லண்டனில் ரீஜன்ட் சவுண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போனார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்தார்கள். ஓசி ஒரு தடுப்புக்குள் நின்று கூடவே பாடினார். தவறு வந்தாலும் பெரிதாகத் திருத்தவில்லை. ஏறக்குறைய 12 மணி நேரத்தில் வேலை முடிந்தது. தயாரிப்பாளர் ரோட்ஜர் பெயின். முதல் பாட்டுக்கு முன்னால் வரும் மழை, இடி, தேவாலய மணி ஆகியவை பிறகு சேர்க்கப்பட்டன. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, வெளிவந்தது. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லெஸ்டர் பேங்ஸ் அதைக் கிழித்து எழுதினார். கேட்டவர்கள் வாங்கினார்கள், பிரிட்டனில் எட்டாம் இடம் வரை ஏறியது.

அந்த முதல் பாட்டின் தொடக்கத்தைக் கர்நாடக இசை தெரிந்தவருக்கு எளிதில் சொல்லிவிடலாம். சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதிமத்திமம். அந்த மூன்றே சுரம், மெதுவாக, திரும்பத் திரும்ப. ஐரோப்பியச் செவிக்கு சட்ஜத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் உள்ள இடைவெளி நெருடலானது. அதைச் 'சாத்தானின் இடைவெளி' என்று பழைய இசை நூல்காரர்கள் சொன்னார்கள். அயோமியும் பட்லரும் அதைக் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் 'செவ்வாய்' என்ற இசைப்படைப்பிலிருந்து பிடித்தார்கள். நமக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. 72 மேளகர்த்தாவில் 36 பிரதிமத்திம மேளங்கள். கல்யாணி பாடாத கச்சேரி அபூர்வம். ஆனால் தம்புரா ஒலியின் மேலே இழைந்து வரும் பிரதிமத்திமம் வேறு. வேறெந்தத் துணையும் இல்லாமல், இரும்பு அதிர்வது போல, வெறுமையில் வந்து நிற்கும் பிரதிமத்திமம் வேறு. எனக்கு முதலில் கேட்டபோது முதுகு சில்லிட்டது இப்போதும் நினைவிருக்கிறது.

பர்மிங்ஹாமுக்கும் இந்த மலைகளுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1903இல் பர்மிங்ஹாம் மளிகை வியாபாரி ஜான் சம்னர் டைஃபூ என்ற பெயரில் தேயிலைப் பொட்டலம் விற்கத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையின் தூள் அது; செரிமானத்துக்கு நல்லது என்று சொல்லி விற்றார். அந்த நகரத்தின் நடுவிலேயே டைஃபூவின் ஆலை பல பத்தாண்டுகள் இயங்கியது. ஆஸ்டனில் வேலை முடிந்து வந்த தகடு வெட்டிகளும் வார்ப்புக்காரர்களும் குடித்த தேநீரில் இலங்கை மலை கலந்திருந்தது. கொழுந்து எடுத்த கையும் தகடு வெட்டிய கையும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. மலைக்குத் தேவையான எந்திரங்களில் பலவும் பிரிட்டனிலிருந்து வந்தன. அங்கே வார்த்த இரும்பு இங்கே வந்து நம் ஆட்களின் கொழுந்தைப் பிசைந்தது. சில நேரம் விரலையும்.

அதற்காகத்தான் இங்கே எந்திரத்துக்கு ஒரு சாமி. ரோதை முனி. ரோதை என்றால் சக்கரம். மாரியம்மனும் மாடசாமியும் கப்பலேறி வந்த சாமிகள். ரோதை முனி இந்த மண்ணில், தேயிலை ஸ்டோரில் பிறந்தவர். கவ்வாத்துக் கத்தி காலில் படாமல் காக்கக் கவ்வாத்துச் சாமி, ரோதையில் கை சிக்காமல் காக்க ரோதை முனி. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில், ஸ்டோருக்குப் பின்னால், குங்குமம் பூசிய கல்லாக அவரைப் பார்த்தேன். பக்கத்தில் அணைந்த சூடம், காய்ந்த எலுமிச்சம்பழம். கும்பிட்டேன். பர்மிங்ஹாமில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது.

பதுளையிலிருந்து பசறைக்குப் பஸ்ஸில் போனேன். நமுனுகுலை மலை இடது பக்கமும் வலது பக்கமும் மாறி மாறித் தெரிந்தது. அந்தத் தோட்டத்துக்கு என்னை அழைத்துப் போனவர் பதுளையில் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியர். "உங்களுக்குக் கிட்டார் பிடிக்குமென்றால் ஒரு தம்பி இருக்கான், கொழும்பில் துணிக்கடையில் வேலை, திருவிழாவுக்கு வந்திருக்கான்" என்று சொல்லியிருந்தார். திருவிழா முடிந்த மூன்றாம் நாள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வாழைமரம் இன்னும் கட்டியபடி நின்றது.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். கறுப்புச் சட்டை, கழுத்தில் சாமிக் கயிறு. லயத்துக் காம்பராவின் மூலையில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஒரு மின்கிட்டாரும் சிறிய ஒலிபெருக்கியும். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாய். அந்தக் கிட்டாருக்கு எத்தனை பேர் போட்டிருக்க வேண்டும் என்று அவன் அம்மாவே கணக்குச் சொன்னார். ஒரு நாள் வேலைக்கு இங்கே 'ஒரு பேர்' என்று பெயர். அவன் கொழும்பு நண்பர்கள் வழியாக ஸ்டிக்மாட்டாவைக் கேட்டு வளர்ந்தவன். 2003இல் 'ஹாலோ ட்ரீம்ஸ்' என்ற முதல் ஆல்பத்தோடு வந்த இலங்கையின் மெட்டல் குழு அது. "அவங்க இங்கிலீசுல பாடுறாங்கண்ணே. நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க பாட்டிக்குப் போட்டுக் காட்டுனா என்னா சொல்றாங்கன்னு கேக்குறாங்க" என்றான். பாட்டிக்குப் பிடித்தது 'என்ஜாய் எஞ்சாமி'. 2021இல் அறிவும் தீயும் பாடி வந்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் என்று நான் சொன்னதும் அந்தக் காம்பராவில் இருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "எந்தத் தோட்டம்?" என்றுதான் முதல் கேள்வி. மலையகத்தில் யாரைப் பற்றிப் பேசினாலும் அதுதான் முதல் கேள்வி. என் அம்மாவைப் பற்றிச் சொன்னபோதும் அதையே கேட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். ஒரு கிழவி எழுந்து வந்து என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

தம்பியின் தாத்தா தப்புக்காரர். எழுபதைத் தாண்டிய மெலிந்த உருவம். வலது கை ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. நான் பார்ப்பதைக் கவனித்து, "சல்லடை மெசின். வாலிபத்துல" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவரோடு பேசியதில் பாதி நேரம் பெரட்டைப் பற்றி. விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூட்டி, மலை பிரித்து அனுப்பும் இடம் பெரட்டுக்களம். அவருடைய அப்பா காலத்தில் அதற்குத் தப்பு அடித்துத்தான் லயங்களை எழுப்பினார்கள். பிறகு சங்கு வந்தது. மடக்கும்புரையில் பிறந்து, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி.வேலுப்பிள்ளை இந்த விடியற்காலைத் தப்பொலியைத் தன் ஆங்கில நெடுங்கவிதையிலேயே கொண்டுவந்திருக்கிறார். தோட்டத்து வாய்மொழிப் பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாக்கியவரும் அவரே. பெரிய கடன் அது. நாம் இன்னும் சரியாக அடைக்கவில்லை. ஆனால் நூலில் சொல் மட்டும்தான் நிற்கும். அந்தச் சொல்லுக்குக் கீழே ஓடிய அடி தாளில் ஏறாது.

"சாமிக்கு ஓரடி, சாவுக்கு ஓரடி, காமன் கூத்துக்கு ஓரடி. பெரட்டுக்கு அடிச்சது வேற. அத அடிச்சா சனம் வையும்" என்றார் தாத்தா. எங்கே, அந்தப் பெரட்டு அடியைக் காட்டுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டார். "அது வேணாம் தம்பி."

அவருடைய மகன், அதாவது தம்பியின் அப்பா, குச்சியைத் தொடவே இல்லை. தப்பு அடிப்பவன் என்றால் இன்ன சாதி என்று லயத்துக்குள்ளேயே ஒரு கோடு இருந்தது. சாவு வீட்டில் அடிக்கக் கூப்பிடுவார்கள். சாப்பாடு வெளியே வைப்பார்கள். கப்பலில் ஒன்றாக வந்தவர்கள், ஒரே கங்காணியின் கீழ் ஒரே கூலிக்கு வேலை செய்தவர்கள். ஆனாலும் கோடு இருந்தது. அந்த மகன் மறுத்தது மானமுள்ள காரியம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கலை அழிகிறதே என்று தூரத்திலிருந்து வருத்தப்படுகிறவர்கள் அந்த வெளித்திண்ணைச் சாப்பாட்டை ஒரு தரம் நினைத்துப் பார்க்க வேண்டும். பேரன் அதே குச்சியை வேறு வழியாக எடுக்கிறான். சென்னையில் 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவை மேடையேறியபோது கானா, ராப் எல்லாவற்றோடும் பறையும் மின்கிட்டாரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்த வீடியோவைத் தன் தாத்தாவுக்குக் காட்டியதாகச் சொன்னான். தாத்தா அதில் எதைப் பார்த்தார் என்று கேட்டேன். "நல்ல சட்ட போட்டு நின்னு அடிக்கிறாங்க" என்றார் தாத்தா.

நான் என் ஆல்பத்தைத் தம்பியின் ஒலிபெருக்கியில் போட்டேன். முதலில் மழைச் சத்தம் வந்ததும் கிழவர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மணி அடித்தபோது, "கோயிலா, சர்ச்சா?" என்றார். சர்ச் என்றேன். பிறகு அந்த மூன்று சுரங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். "யாரு செத்தது?" என்றார்.

நான் அந்தப் பாட்டைப் பற்றிப் படித்த எந்த விமர்சனமும் இவ்வளவு நேராக உள்ளே போனதில்லை.

பாட்டின் கடைசிப் பகுதியில் வேகம் மாறும். மெதுவாகக் கனத்து வந்தது குதிரைப் பாய்ச்சலாகும். மும்மூன்றாக விழும் அடி, நம் கணக்கில் திஸ்ரம். கிழவரின் இரண்டு கையும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன. பேரன் அதைப் பார்த்துவிட்டான். பாட்டை நிறுத்தினான். "தாத்தா, எடுங்க" என்றான்.

தப்பைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. ஆறு தப்பு திருவிழாவுக்கு எடுத்தது அப்படியே இருந்தது. அதில் மூன்றை எடுத்தார்கள். லயத்து வாசலில் காய்ந்த தேயிலை மிலாறையும் பழைய கடதாசியையும் போட்டுத் தீ மூட்டினார்கள். தோலைத் தீக்கு முன்னால் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார் கிழவர். முதலில் தொளதொளவென்று ஒரு சத்தம். சூடேற ஏற அது மேலே போகிறது. ஒரு கட்டத்தில் கணீரென்று உடைகிறது. "இப்ப பேசும்" என்றார். அரை விரல் இல்லாத கையில் தடித்த குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. அந்த அரை விரலுக்கு ஏற்றபடி குச்சியில் துணி சுற்றிப் பிடிப்பு வைத்திருந்தார். அயோமியின் பிளாஸ்டிக் தொப்பி என் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொன்னேன். பேரன் மொழிபெயர்ப்பது போல விளக்கினான்: "இந்தப் பாட்டு அடிச்சவருக்கும் மெசின்ல வெரல் போச்சாம் தாத்தா." கிழவர் தலையசைத்து, "எந்த ஸ்டோரு?" என்றார்.

அதன்பிறகு நடந்ததை எழுதுவது கடினம். தம்பி அந்த மூன்று சுரத்தைத் தன் கிட்டாரில் எடுத்தான். ஒலிபெருக்கி சின்னதானதால் சத்தம் விரிசல் விட்டு வந்தது, அதுவே நன்றாக இருந்தது. கிழவர் முதலில் சாவுக்கு அடிக்கும் அடியை மெதுவாக வைத்தார். இரண்டு இளைஞர்கள் மற்ற தப்புகளை எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு நாள் முழுக்கக் காதில் கேட்டு வந்த அந்தப் பாட்டு அடையாளம் தெரியாமல் போனது. கிட்டார் சொற்கட்டு தப்புக்குப் பின்னால் ஓடியது. தப்பு எங்கே திரும்புகிறதோ அங்கே அதுவும் திரும்பியது. கிழவர் கண் காட்டியதும் அடி மாறியது. சாவடி சாமியடியானது. காம்பராக்களிலிருந்து சனம் வெளியே வந்தது. ஒரு குழந்தை ஆட ஆரம்பித்தது. கன்னத்தைத் தொட்ட அந்தக் கிழவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் நின்றார். எனக்கு அம்மா சொன்ன ரயிலடி ஞாபகம் வந்தது. அங்கேயும் தப்பு அடித்தார்களாம், வழியனுப்ப. அழுகையையும் மீறி அந்தத் தப்பு கேட்டதாம்.

பர்மிங்ஹாம் பையன்களுக்கு 1969இல் 12 மணி நேரம் கிடைத்தது. அதில் அவர்கள் ஊரின் சத்தம் அவர்கள் பெயரிலேயே நின்றுவிட்டது. இங்கே இருநூறு வருடமாக அடிக்கப்படும் தப்புக்கு, அடித்தவன் பெயரோடு ஒரு முதல் இசைத்தட்டு வர வேண்டும். இந்தச் சத்தத்தைச் சுத்தம் செய்து, மெருகேற்றி, சினிமாப் பாட்டின் நடுவே ஊறுகாய் போல வைப்பதை நான் சொல்லவில்லை. சாவடியையும் சாமியடியையும் அடிக்கிற வரிசையில், அடிக்கிற நேரத்துக்கு, முழுதாக வைப்பதைச் சொல்கிறேன். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் போனைக் காட்டினான். நாங்கள் பேசிக்கொண்டே இருந்ததில் நான் கவனிக்கவில்லை. தீ மூட்டும்போதே ஜன்னல் விளிம்பில் போனை வைத்துப் பதிவை ஓட விட்டிருந்தான். பதினேழு நிமிடம்.

இருட்டியதும் காம்பராவுக்குள் உட்கார்ந்து அதைக் கேட்டோம். பிளேன்டீ வந்தது, சீசன் தூள். வாயில் வைத்ததும் மூக்குக்குள் குளிர்ந்தது. பதிவின் தொடக்கத்தில் மிலாறு வெடிக்கும் சத்தம், தோலைத் தட்டிப் பார்க்கும் சத்தம், யாரோ ஒரு பையனைத் தள்ளி நிற்கச் சொல்லும் குரல். அப்புறம் எல்லாவற்றின் மேலும் ஒரு நீண்ட உஸ்ஸென்ற இரைச்சல். கச்சான் காற்று போனின் வாயில் நேராக அடித்திருக்கிறது. தப்பு ஓங்கும் இடத்தில் அது மறைகிறது, கிட்டார் மட்டும் நிற்கும் இடத்தில் ஏறி வருகிறது.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. "கம்ப்யூட்டர்ல போட்டுக் காத்த எடுத்துரலாம்ணே. அதுக்கு ஆள் இருக்காங்க கொழும்புல."

கிழவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "காத்த எதுக்குடா எடுக்குற? அது அடிச்சுக்கிட்டுத்தான இருந்திச்சு."

தம்பி கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதிவுக்குப் பெயர் கேட்டது அது. அவன் தாத்தாவின் பெயரை முதலில் எழுதினான், பிறகு மற்ற இரண்டு தப்புக்காரர்கள் பெயர், கடைசியில் தன் பெயர். கீழே ஸ்டோரில் ராத்திரி வேலைக்கு ரோலரை ஓட விட்டார்கள். காம்பராவின் தரை லேசாக அதிரத் தொடங்கியது.